எலும்பில்லாத தாழி

புதுப்பட்டினம்
10 பிப்ரவரி 2025

திருமதி ஜோதிலட்சுமி அவர்களுக்கு,

வணக்கம். நான் உங்களுக்கு எழுதும் மூன்றாவது கடிதம் இது. முதல் இரண்டுக்கும் உங்கள் மகன் மோகன் தொலைபேசியில் பதில் சொன்னான். "அதெல்லாம் ஆவாதுங்க அத்தே, அம்மாவுக்கு மனசில்ல" என்றான். உங்களுக்கு மனமில்லை என்றால் அதை உங்கள் கையால் எழுதுங்கள். நான் எழுத்தில் கேட்டேன். மறுப்பும் எழுத்தில் வருவதுதான் முறை.

கேட்பதை மறுபடியும் சொல்கிறேன். உங்கள் அண்ணன், என் கணவர், சென்ற ஆகஸ்டில் காலமானார். தம் அஸ்தியில் பாதியைக் கடலில் கரைக்க வேண்டும், மீதியைச் செய்யூரில் உங்கள் சவுக்குத் தோப்பின் கிழக்கு ஓரம், பெரிய கற்கள் வட்டமாகக் கிடக்கும் இடத்தில் புதைக்க வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் இருந்தபோது என்னிடம் சொன்னார். அவர் அதிகம் பேசும் மனிதர் அல்ல. அணு ஆராய்ச்சி நிலையத்தில் முப்பது வருடத்துக்கு மேல் வேலை பார்த்தவர், அளந்துதான் பேசுவார். அப்படிப்பட்டவர் ஆக்ஸிஜன் முகமூடியை விலக்கிவிட்டு இடத்தின் அடையாளம் வரை சொன்னார்.

முதல் பாதியை அவருடைய நண்பர் ராகவனின் துணையோடு மாமல்லபுரத்தில் கடலில் கரைத்தேன். மீதி ஒரு மண் கலயத்தில், வெள்ளைத் துணி கட்டி, என் வீட்டில் இருக்கிறது. வீட்டு வேலைக்கு வந்துகொண்டிருந்த பெண் அது என்னவென்று கேட்டாள். சொன்னேன். மறுநாளிலிருந்து வரவில்லை. அதில் எனக்கு வருத்தம் இல்லை, அவள் மூலைகளில் பெருக்குவதில்லை. ஆனால் ஒரு மனிதர் பாதி கடலிலும் பாதி சமையலறை அலமாரியிலுமாக எத்தனை நாள் இருப்பார்?

நான் நிலத்தில் பங்கு கேட்டு வருவேன் என்று மோகன் பயப்படுகிறான் போலிருக்கிறது. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. எனக்கு ஓய்வூதியம் வருகிறது. சமாதி கட்ட மாட்டேன், கல் நட மாட்டேன். ஒரு புளிப்பானை அளவுக்குப் பள்ளம் போதும்.

வேறு சாதிக்காரி என்று உங்கள் அப்பா என்னை வாசற்படி ஏறவிடவில்லை. அதன் பிறகு நானும் ஏறவில்லை. இப்போது கேட்பது எனக்காக அல்ல.

பிரபாவதி


செய்யூர்
22 பிப்ரவரி 2025

மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு,

ஜோதிலட்சுமி எழுதுவது. சத்துணவுக்கூட வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு பேனா பிடிக்கவே இல்லை. கையெழுத்தைப் பொறுத்துக்கொள்ளவும்.

நீங்கள் கேட்டது தப்பில்லை. அண்ணனுக்கு இல்லாத மண் எனக்கு எதற்கு? ஆனால் அந்த இடம் மட்டும் வேண்டாம். கிணற்றடியில் வேப்பமரம் இருக்கிறது, நல்ல நிழல். வயலோரம் இருக்கிறது. நீங்கள் எதைக் காட்டினாலும் நானே பள்ளம் எடுத்துத் தருகிறேன். கல்வட்டம் வேண்டாம். ஏன் என்று கேட்காதீர்கள். எனக்கே சரியாகச் சொல்லத் தெரியாது.

இன்னொரு விஷயம். சொல்லக் கூச்சமாக இருக்கிறது. போன வருடம் கோடையில் தோப்பில் பழைய காலத்துப் பொருள் இருக்கிறதா என்று தோண்டிப் பார்க்க வந்தார்கள். மோகன்தான் கையெழுத்துப் போட்டான். பக்கத்து மேட்டில் தோண்டுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நான் பேத்தியைப் பார்த்துக்கொண்டு வீட்டில் இருந்துவிட்டேன். கல்வட்டத்தையே கிளறி, உள்ளே புதைந்திருந்த பழைய தாழியைத் திறந்துவிட்டார்கள். இப்போது ஆங்கிலத்தில் ஓர் அறிக்கை அனுப்பியிருக்கிறார்கள். மோகன் இரண்டு நாள் செல்போனில் வைத்துப் பார்த்தான். "இன்னாம்மா இது, ஒரே அரிசி, உளுந்துன்னு மளிகைக்கடை சீட்டாட்டம் கீது" என்று போட்டுவிட்டான். நிலத்தை அரசாங்கம் எடுத்துக்கொள்ளுமா என்பதுதான் அவன் கவலை.

எனக்கு வேறு கவலை. நகல் எடுத்து இத்துடன் வைத்திருக்கிறேன். நீங்கள் கான்வென்டில் படித்தவர்கள். படித்துவிட்டு, தாழிக்குள் என்னென்ன இருந்தது என்று மட்டும் எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஜோதிலட்சுமி


புதுப்பட்டினம்
2 மார்ச் 2025

ஜோதிலட்சுமிக்கு,

நீ என்றே எழுதுகிறேன். உன்னை நான் பார்த்ததே இல்லை என்றாலும் வயதில் நீ சிறியவள். நகலில் ஏழாம் பக்கம் இல்லை. எட்டிலிருந்து அதை ஊகித்துக்கொண்டேன்.

நிலத்தை யாரும் எடுக்கப் போவதில்லை என்று மோகனிடம் சொல். அறிக்கை செடிகளைப் பற்றியது. தாழிக்குள் இருந்த மண்ணைத் தண்ணீரில் கரைத்தால் கருகிய விதைகளும் கரித்துண்டுகளும் மேலே மிதக்கும். அவற்றை வடிகட்டி, காயவைத்து, பூதக்கண்ணாடியில் பார்த்து இன்ன செடி என்று சொல்கிறார்கள். எலும்பு மக்கிப் போனாலும் கருகிய நெல் மக்காதாம். செத்தவருக்கு என்ன படைத்தார்கள், எந்த விறகில் எரித்தார்கள் என்பதெல்லாம் அதில் தெரியும்.

உன் தாழியில் இருந்தவை: அரிசி, கொஞ்சம் நெல், எள், உளுந்து. இவற்றோடு கருகிய வைக்கோல் நிறைய. சும்மா அள்ளிப் போட்டதல்ல, பிரியாக முறுக்கி முடிச்சுப் போட்டது. ஒரு முடிச்சு அப்படியே கரியாகக் கிடைத்திருக்கிறது, படமும் இருக்கிறது. எலும்பு ஒரு துண்டுகூட இல்லை.

எனக்கு ஆவல் தாங்கவில்லை. அறிக்கையின் கடைசியில் இருந்த எண்ணில் கூப்பிட்டேன். எழுதியவள் வைஷாலி என்ற இளம்பெண். மாமல்லபுரம் வரும் வழியில் என் வீட்டுக்கே வந்துவிட்டாள். செருப்பைச் சரியான இடத்தில் கழற்றினாள்.

"எலும்பில்லாத தாழி நிறைய கெடைக்கும் ஆன்ட்டி. ஆனா இதுல வைக்கோல்ல ஆள் மாதிரி கட்டி எரிச்சிருக்காங்கன்னு நெனைக்கிறேன். உடம்பு கெடைக்காம போனவங்களுக்கு."

"கடலில் போனவர்களுக்கா?"

"இருக்கலாம். கடல் பக்கத்துலதான இருக்கு. போருக்குப் போனவங்களாவும் இருக்கலாம். பானையை வச்சுப் பாத்தா ரெண்டாயிரத்து ஐந்நூறு வருஷத்துக்கு மேல இருக்கும். உள்ள இருக்கற செடிங்க தேதி இன்னும் பாக்கல. ஆனா தாழி மேல பலகைக்கல்லு மூடியிருந்துது."

இதைக் கேட்டதிலிருந்து எனக்கு அந்த இடத்தின் மேல் மரியாதை வந்துவிட்டது. அவ்வளவு காலத்துக்கு முன் யாரோ ஒருத்தி, திரும்பி வராதவனுக்காக வைக்கோலில் ஓர் உருவம் கட்டி, வாயில் அரிசி போட்டு வழியனுப்பியிருக்கிறாள். உன் அண்ணன் கேட்டது தகுதியான இடம்தான்.

ஆகவே இப்போது நீ காரணம் சொல்ல வேண்டும். வேப்பமரத்தடி சம்மதம், வயலோரம் சம்மதம், அவர் கேட்ட இடம் மட்டும் சம்மதமில்லை. சாதி என்றால் சாதி என்று எழுது. அதற்கு எனக்குப் பதில் இருக்கிறது. காரணமே இல்லாத மறுப்புக்குப் பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

பிரபாவதி


செய்யூர்
11 மார்ச் 2025

அண்ணி அவர்களுக்கு,

அப்படிக் கூப்பிடலாமா என்று தெரியவில்லை. எழுதிவிட்டேன், அடிக்க மனமில்லை.

சாதி இல்லை. என் பேத்தி மேல் சத்தியமாக இல்லை.

ரெண்டாயிரத்து ஐந்நூறு வருஷம் என்று அந்தப் பெண் சொன்னால் அப்படியே இருக்கட்டும். படித்தவள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். அவளை அதோடு விட்டுவிடச் சொல்லுங்கள். மறுபடி தோப்புக்கு வர வேண்டாம், மறுபடி பார்க்கவும் வேண்டாம். நீங்கள் கடிதத்தில் அந்த வைக்கோல் முடிச்சைப் பற்றி எழுதியதைப் படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. "யாரோ ஒருத்தி" என்று எழுதியிருந்தீர்கள். ஒருத்தி இல்லை. இதற்கு மேல் எழுதினால் எதையாவது உளறிவிடுவேன்.

ஒன்றே ஒன்று. அரிசி, எள், உளுந்து, வைக்கோல். வேறு எதுவும் இல்லையா? நன்றாகப் பார்த்தார்களா?

ஜோதி


புதுப்பட்டினம்
27 மார்ச் 2025

ஜோதிக்கு,

நீ கேட்டதற்குப் பதில் தானாகவே வந்துவிட்டது.

நேற்று வைஷாலி மறுபடி வந்தாள். முகம் வாடியிருந்தது. காபி கொடுத்தேன், ஆறவிட்டுக் குடித்தாள்.

"ஆன்ட்டி, நான் அசிங்கப்பட்டுட்டேன். அடையாளம் தெரியாத துண்டுங்கன்னு ஒரு டப்பியில தனியா வச்சிருந்தேன். ஏதோ காட்டுக்காயோட ஓடுன்னு நெனைச்சேன். எங்க சார் ஒரு பார்வைதான் பாத்தாரு, சிரிச்சுட்டாரு."

"என்ன அது?"

"வேர்க்கடலைத் தோல். கருகின வேர்க்கடலை. அது தென்னமெரிக்காச் செடி ஆன்ட்டி. கப்பல்ல வெள்ளைக்காரன் கொண்டாந்தது. ரெண்டாயிரத்து ஐந்நூறு வருஷத்துக்கு முன்னாடி செய்யூர்ல எவன் கடலை வறுத்திருப்பான்?"

அந்தக் கடலை வைக்கோல் சாம்பலோடு ஒட்டிக் கிடந்ததாம். இரண்டும் ஒரே தணலில் வெந்தவை. ஆகவே வைக்கோலும் பழையதல்ல. பழைய தாழியில் யாரோ பிற்காலத்தில் இதைக் கொட்டி மூடியிருக்கிறார்கள். தாழியின் அடியில் இன்னும் கொஞ்சம் அரிசியும் எள்ளும் இருக்கின்றன. அவை பழசா புதுசா என்று அவளுக்கே இப்போது நிச்சயமில்லை. "எது யாரோடதுன்னு எல்லாம் கலந்துபோச்சு" என்று தலையில் கை வைத்துக்கொண்டாள். கடலை எந்தச் சாவுப் படையலிலும் கேள்விப்பட்டதில்லை என்கிறாள்.

அவள் போன பிறகு உன் கடிதத்தை எடுத்து வைத்துக்கொண்டு யோசித்தேன். நன்றாகப் பார்த்தார்களா என்று நீ ஏன் கேட்டாய்? ஒருத்தி இல்லை என்று எப்படித் தெரியும்? நிலம் உன் குடும்பத்தின் கையில் எத்தனையோ தலைமுறையாக இருக்கிறது. உடம்பு கிடைக்காமல் போனவர் உங்கள் வீட்டில் யார்? உன் அண்ணன் அப்படி யாரையும் சொன்னதில்லை. உனக்கு வேறு அண்ணன் தம்பி கிடையாது. சித்தப்பா யாராவது படகில் போனாரா? ஓடிப்போனவர் உண்டா?

என் மனம் எங்கெங்கோ போகிறது. நடு இரவில் எழுந்து உட்கார்ந்து, என் கணவருக்கு எனக்குத் தெரியாமல் ஒரு பிள்ளை இருந்து இறந்ததோ என்றுகூட நினைத்துவிட்டேன். இந்த வயதில் இப்படி நினைத்ததற்கு வெட்கப்படுகிறேன். என்னை இந்த நிலையில் விடாதே. யார் அது?

பிரபாவதி


செய்யூர்
6 ஏப்ரல் 2025

அண்ணி,

அது அண்ணன்தான்.

எப்படி எழுதுவது என்று மூன்று தாளைக் கிழித்தேன். பிள்ளை, அது இது என்று நீங்கள் நினைத்ததாக எழுதிய பிறகு சும்மா இருக்க முடியவில்லை. அண்ணன் மேல் அந்த மாதிரி ஒரு மாசும் கிடையாது.

எழுபத்து மூன்றாம் வருடம் நீங்கள் செங்கல்பட்டில் பதிவுத் திருமணம் செய்துகொண்ட சேதி பேருந்து நிலையத்தில் யாரோ பார்த்துச் சொல்லி அப்பா காதுக்கு வந்தது. அப்பா கோதண்டராமன் என்றால் சுற்றுப்பட்டில் தெரியும். கத்தவில்லை, யாரையும் அடிக்கவில்லை. வைக்கோல் போரிலிருந்து தானே பிடுங்கி எடுத்துப் பிரி திரித்தார். கை, கால், தலை எல்லாம் கட்டினார். அண்ணன் கல்லூரிக்குப் போட்டுப்போன பழைய சட்டையை அதற்கு மாட்டினார். எனக்குப் பன்னிரண்டு வயது. விளையாட்டுப் பொம்மை என்று நினைத்துக் கிட்டே போனேன். "தொடாத, தீட்டு" என்றார்.

ஊர்ச் சுடுகாட்டில் வைத்தால் ஊர் சிரிக்கும் என்று தோப்புக்குக் கொண்டுபோனார்கள். அப்போது அது மல்லாட்டைக் கொல்லை. நீங்கள் வேர்க்கடலை என்பதை நாங்கள் மல்லாட்டை என்போம். கல்வட்டத்துக்குள் வைத்து எல்லா முறையும் செய்தார்கள். வாய்க்கரிசி போட்டார்கள், எள் இறைத்தார்கள். அப்பாவே கொள்ளி வைத்தார். அம்மா அழுதது பாசாங்கு இல்லை அண்ணி. நிஜச் சாவுக்கு அழுவது போலத்தான் மண்ணில் விழுந்து அழுதது. அப்படியானால் அண்ணன் செத்துவிட்டான் என்றுதான் நானும் நினைத்துக்கொண்டேன்.

எரிந்ததும் அங்கே மண்ணில் பாதி தெரிந்துகொண்டிருந்த பழைய தாழியில் சாம்பலை அள்ளிக் கொட்டினார்கள். தணல் இன்னும் அணையவில்லை. எல்லாரும் குளிக்கக் கிணற்றுக்குப் போனார்கள். நான் கொல்லையிலிருந்து ஒரு பிடி மல்லாட்டை பிடுங்கி அதில் போட்டேன். அண்ணனுக்குச் சுட்ட மல்லாட்டை என்றால் உயிர். பசிக்குமே என்று போட்டேன், வேறு ஒன்றும் தெரியாது. பிறகு அப்பா வந்து பலகைக்கல்லைத் தள்ளி மூடிவிட்டார். அந்தப் பெண் சிரிப்புக்கு ஆளானாள் என்றீர்கள். நான் போட்டது என்று அவளிடம் சொல்லிவிடுங்கள். பேர் மட்டும் எழுத வேண்டாம்.

அடுத்த வாரமே அண்ணனிடமிருந்து கடிதம் வந்தது. அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் என்னை இழுத்துக்கொண்டு போய்ப் படிக்கச் சொன்னது. "நலம், நலமறிய ஆவல்" என்று இருந்தது. அம்மா தலையில் எண்ணெய் இல்லை, துக்கம் காத்துக்கொண்டிருந்தது. நான் செத்தவன் எழுதிய கடிதத்தைப் படித்துக்கொண்டிருந்தேன். எது நிஜம் என்று எனக்கு அன்றைக்கும் புரியவில்லை, இன்றைக்கும் சரியாகப் புரியவில்லை.

இப்போது என் பயத்தைச் சொல்கிறேன். எங்களில் ஓர் ஆளுக்கு ஒரு சாவுதான். ஒரே ஆளுக்கு ஒரே இடத்தில் இரண்டாம் தடவை செய்தால், அது மூன்றாவதாக வீட்டில் இருக்கிற சின்ன உயிரைக் கேட்கும் என்பார்கள். மோகனின் பிள்ளைக்கு இரண்டு வயது. நீங்கள் படித்தவர்கள், சிரிப்பீர்கள். நானும் பகலில் சிரிக்கிறேன்.

ஜோதி


புதுப்பட்டினம்
14 ஏப்ரல் 2025

ஜோதிக்கு,

நான் சிரிக்கவில்லை.

உன் கடிதத்தை வைஷாலிக்குத் தேவையான அளவு சொன்னேன். அவள் அந்த வைக்கோல் முடிச்சின் படத்தை எடுத்துப் பார்த்தாள். பிறகு, "அதே இடம், அதே அரிசி, அதே எள்ளு. அடியில இருக்கறதும் இப்படி யாரையாவது உயிரோட வழியனுப்பினதோ என்னவோ" என்றாள். "அதை எப்படிக் கண்டுபிடிப்பாய்?" என்றேன். "முடியாது ஆன்ட்டி. வெதை என்ன படைச்சாங்கன்னு சொல்லும். நெஜமா செத்தாங்களான்னு சொல்லாது" என்றாள்.

எனக்குக் கோபம் வருகிறது, ஆனால் யார் மேல் என்று தெரியவில்லை. உன் அப்பா இப்போது உயிரோடு இல்லை. நீ அன்று சிறுபிள்ளை. உங்கள் வீட்டு வழக்கப்படி பார்த்தால் நான் கையெழுத்துப் போட்டுக் கல்யாணம் செய்துகொண்ட வாரமே விதவை. அந்தச் செத்தவருக்குத்தான் தினமும் காலையில் டிபன் கட்டிக் கொடுத்தேன். அவரோடுதான் சண்டை போட்டேன், திருப்போரூர் போனேன், சட்டைக்குக் கஞ்சி போதவில்லை என்று பேச்சுக் கேட்டேன்.

ஒன்று கேட்க வேண்டும். எண்பத்து எட்டில் உங்கள் அப்பா இறந்தபோது என் கணவர் தனியாகத்தான் வந்தார். என்னை வர வேண்டாம் என்றார். மறுநாள் மாலை தலையை மழித்துக்கொண்டு வந்து நின்றார். வெந்நீர் வைத்துக் கொடுத்தேன். "எல்லாம் ஒழுங்காக நடந்ததா?" என்று கேட்டேன். "எல்லாம் முறைப்படி நடந்தது" என்றார். ஒரே மகன் கொள்ளி வைத்துவிட்டு வந்திருக்கிறார், அப்பாவுக்கும் மகனுக்கும் கடைசியில் சரியாகிவிட்டது என்று நினைத்து நிம்மதியாகத் தூங்கினேன்.

செத்தவனைக் கொள்ளி வைக்க விட்டார்களா?

அவருக்கு அந்தத் தாழி தெரியுமா? தெரிந்துதான் அந்த இடத்தைக் கேட்டாரா? தெரிந்திருந்தால் ஏன் அங்கேயே போய்ப் படுக்க ஆசைப்பட வேண்டும்? அவரோடு இத்தனை வருடம் வாழ்ந்த எனக்கு இதற்குப் பதில் தெரியவில்லை. உனக்குத் தெரிந்தால் எழுது.

பிரபாவதி


செய்யூர்
25 ஏப்ரல் 2025

அண்ணி,

விடவில்லை.

அண்ணன் வந்தது உண்மை. பங்காளிகள் முற்றத்திலேயே மறித்துவிட்டார்கள். "நீதான் எப்பவோ போய்ட்டியே, செத்தவன் எப்டிபா கொள்ளி வப்ப?" என்று ஒருவர் கேட்டார். அண்ணன் விலகிப் போய், கிணற்றுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டான். சித்தப்பா மகன்தான் கொள்ளி வைத்தான். அப்புறம் என் வீட்டுக்காரர் அண்ணனோடு பேருந்து ஏறிப் போனார். கருங்குழியில் இறங்கி ஒரு சலூனில் தலையை மழித்துக்கொண்டானாம். "எனக்கு அப்பா செத்துட்டாரு, மழிச்சுக்க எவன் அனுமதி வேணும்?" என்றானாம். உங்களிடம் முறைப்படி நடந்தது என்று சொன்னதும் பொய் இல்லையே. நடந்தது எல்லாம் முறைப்படிதான். அவன்தான் அதில் இல்லை.

தாழி தெரியும். கிணற்றடியில் நின்றபோது நானே சொன்னேன். கல்வட்டத்துக்குப் போய்ப் பார்த்தான். நான் கூடப் போகவில்லை. திரும்பி வந்தபோது முகத்தைப் பார்த்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. ஏன் அங்கேயே கேட்டான் என்று எனக்கும் தெரியாது. கோபமா, சமாதானமா, நம்மை எல்லாம் ஒரு தடவை தோப்புக்கு வரவழைக்கவா, தெரியவில்லை அண்ணி.

மோகனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நிலத்தைப் பற்றி வாயே திறக்கவில்லை. "தாத்தா இப்டி பண்ணாரா?" என்று மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தான்.

பிறகு ஆராயி பெரியம்மாவிடம் போனேன். தொண்ணூறு இருக்கும், வாய் மட்டும் இருபது. முழுக் கதையும் அதற்குத் தெரியும், அந்தக் காரியத்துக்கு வந்து உட்கார்ந்திருந்ததுதான். "இதுக்குப் போயி பேஜாரு பட்டுகினு கீறியா?" என்று என்னைத் திட்டியது. "காணாப்போனவன் செத்தான்னு காரியம் பண்ணிட்டு, அவன் திரும்பி வந்தா இன்னா பண்ணுவாங்க? வூட்டுல சேத்துக்க மாட்டாங்களா? மொதல்ல பொறக்க வைக்கணும்டி. தொட்டில்ல போட்டு, சக்கரத் தண்ணி வச்சு, பேர் சொல்லணும். பொறந்துட்டான்னா அப்புறம் சாவறதுக்கு அவனுக்கு உரிமை கீது."

"அவுரு சாம்பலா கீறாரு பெரீம்மா" என்றேன்.

"அதனால இன்னா? கனம் கம்மிதான, தொட்டிலு தாங்கும்" என்றது.

கோபப்படாதீர்கள். நான் சிரித்துவிட்டேன், பிறகு அழுதுவிட்டேன். அப்படிச் செய்தால் என் பயம் போய்விடும். கல்வட்டத்திலேயே, அண்ணன் கேட்ட இடத்திலேயே வைத்துவிடலாம். வைஷாலி மூடி வைத்த குழியை மோகனே திறந்து தருகிறேன் என்கிறான். நீங்கள் சம்மதித்தால் வளர்பிறையில் ஒரு வியாழக்கிழமை பார்க்கலாம், மே எட்டு. படையலுக்கு என்ன என்று பெரியம்மாவைக் கேட்டேன். பிறந்த பிள்ளைக்கு எள் கிடையாதாம்.

ஒரு சிக்கல். பேரை யாராவது மூன்று தடவை சொல்ல வேண்டும். பெற்றவர்கள் இல்லை, அத்தைகள் இல்லை. கூடப் பிறந்தவள் சொல்லலாமாம், இல்லாவிட்டால் கட்டினவளாம். நான் சொல்லிப் பார்த்தேன் அண்ணி. எனக்கு மூத்தவன், நான் ஒருநாளும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. வாயைத் திறந்தால் அண்ணா என்றுதான் வருகிறது. அண்ணா என்று ஒரு பிள்ளைக்குப் பேர் வைக்க முடியாதே.

ஜோதி


புதுப்பட்டினம்
2 மே 2025

ஜோதிக்கு,

முதலில் இதை எழுதிவிடுகிறேன். என் கணவரைத் தொட்டிலில் போடுவது அறிவுக்குப் பொருந்தாத காரியம். அவர் எழுபத்து மூன்றில் சாகவே இல்லை. சாகாதவரைப் பிறக்க வைப்பது என்பது உன் அப்பா செய்தது சரி என்று ஒப்புக்கொள்வதாகும். இதைச் சொல்லி மறுத்து ஒரு நீண்ட கடிதம் எழுதினேன். நல்ல கடிதம். தபாலில் சேர்க்கப் போய், பெட்டிக்கு முன்னால் நின்று, திரும்பி வந்துவிட்டேன்.

உனக்குப் பயம் போக வேண்டும். அவர் அந்த இடத்தில் இருக்க வேண்டும். இந்த இரண்டையும் வைத்துப் பார்த்தால் என் அறிவுக்குப் பொருந்தாதது ஒரு பெரிய விஷயமில்லை. அவர் எதை நினைத்து அந்த இடத்தைக் கேட்டார் என்பது எனக்கு இனித் தெரியப்போவதில்லை. தெரியாமலே செய்கிறேன்.

எட்டாம் தேதி வருகிறேன். தொட்டிலுக்குப் பருத்திப் புடவையாக இருக்கட்டும், நைலான் வேண்டாம். ஆராயி பெரியம்மாவை வெயிலில் நிற்க வைக்காதே. வைஷாலி ஓரமாக இருந்து பார்க்கலாமா என்று கேட்கிறாள். பார்க்கட்டும் என்றேன். செத்தவர்களின் விதையை மட்டும் பார்த்துப் பழகியவள்.

பெயரை நான் சொல்கிறேன்.

நானும் சொன்னதில்லை. கான்வென்டில் மதர் எங்களுக்கு முதுகை நிமிர்த்தி உட்காரவும், கரண்டியைச் சத்தமில்லாமல் வைக்கவும், ஆங்கிலத்தில் மன்னிப்புக் கேட்கவும் கற்றுக்கொடுத்தார். என் அம்மா கற்றுக்கொடுத்ததில், கணவர் பெயரைச் சொல்லக் கூடாது என்பது ஒன்றுதான் ஒட்டிக்கொண்டது. எத்தனையோ இடங்களில் எழுதியிருக்கிறேன், வாயால் சொன்னதில்லை. ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதும் பெண் "பேஷண்ட் பேர் சொல்லுங்கம்மா" என்றாள். அவள் பேனாவை வாங்கி நானே எழுதிக் கொடுத்தேன். கடைசி நாளிலும் "இங்கே பாருங்க" என்றுதான் கூப்பிட்டேன். அவர் பார்க்கவில்லை. அப்போதாவது பெயரைச் சொல்லிக் கூப்பிட்டிருக்கலாம் என்று பிறகு தோன்றியது. அப்போது தோன்றவில்லை.

இன்று காலையில் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு சொல்லிப் பார்த்தேன். முதல் தடவை சத்தமே வரவில்லை. இரண்டாவது தடவை, வகுப்பில் வருகைப் பதிவு எடுப்பது போல அதட்டலாக வந்தது. மூன்றாவது தடவை சரியாக வந்தது. பக்கத்து வீட்டுக்காரி ஜன்னல் வழியாக, "யாரைக் கூப்புடுறீங்க மாமி?" என்று கேட்டாள்.

"சம்பத்தை" என்றேன்.

உன் அண்ணி,
பிரபாவதி